கண்ணில் ஊற்றிய பால்

கண் வார்டு, பாண்டிச்சேரி
3-5-1986

அன்புள்ள சாலம்மாள் அக்காவுக்கு, தங்கை அம்சவள்ளி வணக்கத்துடன் எழுதுவது. நானும் அப்பாவும் பத்திரமாக வந்து சேர்ந்தோம். நீயும் அம்மாவும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்?

பஸ் ஏறும்போது, "ஒண்ணு வுடாம எழுதுடி, மறைக்காத" என்று சொன்னாய். இங்கே நடப்பதையெல்லாம் உள்ளது உள்ளபடியே எழுதுவேன், கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். அதற்காகவே ஒன்பதாம் வகுப்பு நோட்டில் மீதியிருந்த பக்கங்களைக் கிழித்துக் கொண்டுவந்திருக்கிறேன். அவ்வப்போது குறித்துவைத்துக் கடிதமாக்குவேன்.

வழி நெடுக அப்பா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டே வந்தார். பஸ் நிற்கும் இடமெல்லாம், "இது இன்னா ஊரு?" என்று கேட்டார். நான் பலகையைப் படித்துச் சொன்னேன். தியாகதுருகம், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம். அதற்குப் பிறகு கேட்கவில்லை. வலி அதிகமாகியிருக்க வேண்டும்.

இங்கே பார்ப்பவர் ஒரு டாக்டரம்மா. எப்படி அடிபட்டது என்று கேட்டார். கூட வந்த சடையன் மேஸ்திரி, "கெணத்துல அஞ்சு வேட்டு வச்சோங்க. மேல வந்து நின்னு அஞ்சு சத்தம் எண்ணிட்டுதாங்க இவர எறக்கினோம்" என்றார். அப்பா துண்டுக்குள்ளிருந்தே, "அதுல ஒண்ணு மலையோட சத்தம்மா. வேட்டு சத்தம் மலையில பட்டுத் திரும்பி வந்துச்சு, அதையும் சேத்து எண்ணிட்டோம். வெடிச்சது நாலுதான். நான் பாதி படி எறங்கினப்ப அஞ்சாவது வெடிச்சுது" என்றார். நம் ஊர்க் கிணறு மலையடியில் இருப்பதால் வந்த வினை இது. மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார்.

"எப்ப அடிபட்டது?"

"அஞ்சு நாளாச்சுங்க."

"அஞ்சு நாளா வீட்ல என்ன பண்ணீங்க? கண்ணுல என்ன ஊத்துனீங்க?"

நான்தான் சொன்னேன். "பால். எங்க அக்கா பால். காலையிலயும் சாயங்காலமும்." டாக்டரம்மா பேனாவை மேசைமேல் வைத்தார். பிறகு எடுத்து எழுதினார். அவர் சொன்னது நிறைய. எனக்குச் சரியாகப் புரியவில்லை, புரிந்தபின் எழுதுகிறேன்.

இடது கண்ணில் மரத்துப்போகும் சொட்டு விட்டு, பெரிய கண்ணாடி வழியாகப் பார்த்து, ஊசி முனையால் கல்துகளை ஒவ்வொன்றாக எடுத்தார். பதினொன்று. அப்பா இம்மிகூட அசையவில்லை. டாக்டரம்மா ஆச்சரியப்பட்டார். "பாறையில ஓட்டை போடுறவம்மா நானு. ஆடாம நிக்கத் தெரியும்" என்றார் அப்பா. வலது கண்ணை நாளை பார்ப்பதாகச் சொன்னார்கள்.

அம்மாவை அழவேண்டாம் என்று சொல். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தங்கை,
வள்ளி


கச்சிராயபாளையம்
8-5-1986

அன்புத் தங்கை வள்ளிக்கு அக்கா எழுதியது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத வேண்டும். பாப்பா சுகம். மற்றவர்களைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

பிள்ளை பெற்று முப்பத்தைந்து நாளில் அப்பாவை இப்படி அனுப்பிவிட்டுப் படுத்திருக்கிறேன். அம்மாவை அங்கே அனுப்பலாம் என்றால் எனக்குத் தண்ணீர் வைத்து ஊற்ற ஆள் இல்லை. நீ சின்னப்பெண், உன்னைத் தனியே விட்டிருக்கிறோம். இதெல்லாம் நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

இரண்டு நாளாகப் பால் குறைந்துவிட்டது. பாப்பா சப்பிப் பார்த்துவிட்டு அழுகிறாள். அம்மா பூண்டும் கருவாடும் ஆக்கிப் போடுகிறாள். "பச்ச ஒடம்புக்காரி ஏக்கத்துல கெடந்தா பாலு வத்திடும்டி, அப்புறம் இந்தக் கொழந்தய இன்னா பண்றது?" என்று திட்டுகிறாள். ஏக்கத்தை எடுத்து எங்கே வைப்பது?

டாக்டரம்மா பாலைப் பற்றி என்ன சொன்னார்கள்? நீ எழுதவில்லை. நான் ஊற்றியதால்தான் கெட்டுப்போனதா? தெருவே சொன்னது, அம்மாவும் சொன்னாள், நானும் ஊற்றினேன். இருந்தாலும் ஊற்றியது என் கை. ஒரு வரி எழுது.

அப்பா உடம்பைப் பார்த்துக்கொள். உன் உடம்பையும்.

சாலம்மாள்


கண் வார்டு
13-5-1986

அன்புள்ள அக்காவுக்கு வள்ளி எழுதுவது. அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டது. எனக்கு ஒன்றுமில்லை. பாப்பாவுக்கு முகம் பார்த்துச் சிரிக்கத் தெரிகிறதா?

மனதைத் திடப்படுத்திக்கொண்டு இதைப் படி. பத்தாம் தேதி அப்பாவின் வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். கருவிழி கிழிந்து உள்ளே சீழ் வைத்திருந்தது. அந்தக் கண்ணை எடுக்காமல் வைத்திருந்தாலும் அதில் பார்வை வராது. அப்படிப்பட்ட கண்ணை விட்டுவைத்தால், சில பேருக்கு நல்ல கண்ணும் கூடவே போய்விடுமாம். இடது கண்ணைக் காப்பாற்ற வேண்டுமானால் வலது கண்ணைக் கொடுத்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். அப்பா கண் கட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "எடுத்துக்கோங்கம்மா. வேட்டுக்குக் குழி பாக்கறப்ப ஒரு கண்ண மூடிக்கினுதான் பாப்பேன்" என்றார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. கையெழுத்துப் போடும் இடத்தில் அப்பா கைநாட்டு வைத்தார். சாட்சியாக நான் பெயர் எழுதினேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். தாய்ப்பால் குளிர்ச்சி, அதை ஊற்றியதால்தான் இடது கண்ணாவது தப்பித்தது என்று டாக்டரம்மா சொன்னார். ஆகவே நீ நிம்மதியாகத் தூங்கு. இந்த வரியை அம்மாவுக்கும் படித்துக் காட்டு.

அன்புடன்,
வள்ளி


கச்சிராயபாளையம்
19-5-1986

என் கண்ணான வள்ளிக்கு, அக்கா. உன் கடிதம் வந்தது. அப்பாவின் கண்ணை எடுத்ததைப் படித்ததும் அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். நான் அழுதேன். பிறகு கடைசி வரிகளைப் படித்தேன். மூன்று தடவை படித்தேன். அன்றுதான் விடியும்வரை தூங்கினேன். காலையில் எழுந்தால் ஜாக்கெட் நனைந்து கிடக்கிறது. பாப்பாவுக்குப் புரையேறும் அளவுக்குப் பால்.

குழாயடியில் அம்மா எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். படிக்கத் தெரிந்தவர்கள் கடிதத்தை வாங்கிப் படித்தார்கள். அப்பாவோடு வேலை செய்யும் இருசப்பண்ணன் பெண்சாதி தங்கமணி, "எங்க ஆளும் கெணத்துலதான் கெடக்குறாரு, குடு" என்று வாங்கிப் போய் மாரியம்மன் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறாள். நேற்று ஒருத்தி ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, கண்ணில் பீளை, ரெண்டு சொட்டு விடு என்கிறாள். அம்மா, "எம்மவ இன்னா பால் பூத்தா நடத்துறா?" என்று விரட்டினாள். ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தோம்.

அந்த இடது கண்ணால் என்னை வந்து பார்க்க வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லு. மணலூர்பேட்டையிலிருந்து உன் மாமா வந்து மகளைப் பார்த்துவிட்டுப் போனார். உன்னையும் விசாரித்தார்.

சாலம்மாள்


கண் வார்டு
27-5-1986

அன்புள்ள அக்காவுக்கு. பதில் தாமதமாகிவிட்டது. மன்னித்துக்கொள். அனைவரும் சுகமென நம்புகிறேன்.

அப்பாவின் இடது கருவிழியில் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளைப் புண் இருக்கிறது. மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து விட வேண்டும். நர்சுக்கு முப்பது பேரைப் பார்க்க வேண்டியிருப்பதால் பகலில் நானே விடுகிறேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், சீசாவின் முனை இமையில் படக்கூடாது. ஒரு மணி நேரம் என்பது எவ்வளவு சின்னது என்று இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். குளித்து வந்தால் மணியாகிவிடுகிறது. சாப்பாட்டு வரிசையில் நின்று வந்தால் மணியாகிவிடுகிறது. புத்தகத்தை எடுத்தால் அரைப்பக்கம்.

பக்கத்துக் கட்டிலில் கல்வராயன் மலைக்காரர் சின்னதுரை இருக்கிறார். பன்றிக்கு வைத்த வெடி கையிலேயே வெடித்துவிட்டது. அவர் மனைவி ஆயம்மாள் அக்காதான் எனக்கு இங்கே துணை. "பன்னி தெனம் வந்து சாமய தின்னுட்டு சொகமா போவுது. இவருதான் மாட்டிக்கினாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். சின்னதுரை, "அந்தப் பன்னிய கட்டியிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன்" என்கிறார். அப்பா கட்டுக்குள்ளேயே சிரித்தார். சிரித்தால் கண் வலிக்கிறது, சிரிக்கவைக்காதீர்கள் என்று நான் சண்டை போட்டேன்.

புண் இன்னும் சுருங்கவில்லை. மோசமாகவும் இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். பாலை யாருக்கும் கொடுக்காதே அக்கா. பாப்பாவுக்குக் குறைந்துபோகும். யார் கேட்டாலும் கொடுக்காதே.

வள்ளி


கச்சிராயபாளையம்
5-6-1986

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது. அப்பாவின் புண் எப்படி? அம்மா வெள்ளிக்கிழமைதோறும் விளக்குப் போடுகிறாள்.

அதே கிணற்றில் மறுபடியும் வேலை தொடங்கினார்கள். திங்கட்கிழமை வேட்டு வைத்தபோது இருசப்பண்ணன் மேடு தாண்டி நின்றும் ஒரு சில்லு வந்து கண்ணில் அடித்துவிட்டது. ஒரு கண்தான். சடையன் மேஸ்திரி, "இப்பவே கெளம்பு, பச்சமுத்து கண்ணு போனது போதும்" என்று வண்டிகூடக் கொண்டுவந்தார். தங்கமணி விடவில்லை. மாரியம்மன் படத்துக்குப் பின்னாலிருந்து உன் கடிதத்தை எடுத்து, "பெரிய டாக்டரே பாலுதான் காப்பாத்துச்சுன்னு சொல்லிக்கீறாங்க, இதோ எழுதிக்கீது, அங்க போயி கண்ண நோண்டி எடுத்துக்கினு வரவா?" என்று கேட்டாள். மேஸ்திரிக்குப் படிக்கத் தெரியாது. வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

நீ யாருக்கும் கொடுக்காதே என்று எழுதியிருந்தாய். ஆனால் ஒரு மனுசன் கண் போகும் நேரத்தில் என் பிள்ளையின் வயிற்றை எப்படிக் கணக்குப் பார்ப்பது? பாப்பாவுக்குப் புகட்டும் பாலாடையில் பீய்ச்சிக் காலையும் சாயங்காலமும் நானே போய் ஊற்றுகிறேன். மூன்று நாளாகிறது. இன்று கண்ணைத் திறக்கமாட்டேன் என்கிறார். இமை வீங்கிவிட்டது.

எத்தனை நாள் ஊற்ற வேண்டும் என்று டாக்டரம்மாவைக் கேட்டு உடனே எழுது.

சாலம்மாள்


கண் வார்டு
9-6-1986

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. இதற்கு முன்னால் தந்தி வந்திருக்கும். தந்தியில் கொஞ்சம்தான் எழுத முடியும். இதைப் படிக்கும்போதும் இருசப்பண்ணன் வீட்டில்தான் இருக்கிறார் என்றால், கடிதத்தை வைத்துவிட்டு முதலில் அங்கே போ. பாலை நிறுத்து. பஸ் ஏற்று.

போய்வந்தாயா? இப்போது படி.

மே பதின்மூன்றாம் தேதி நான் எழுதியது பொய். டாக்டரம்மா அப்படிச் சொல்லவேயில்லை. முதல் நாள் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னது இது. என் நோட்டுத் தாளில் அன்றே எழுதிவைத்திருக்கிறேன்:

"கண்ணு கிழிஞ்சு கெடக்குது. அதுல பால ஊத்துனா கிருமிக்குச் சோறு போட்ட மாதிரி. அடிபட்ட அன்னைக்கே வந்திருந்தா தையல் போட்டுப் பாத்திருப்பேன். இப்ப வலது கண்ணு பூரா சீழு. இடது கண்ணுலயும் புண்ணாகுது. அதையாவது காப்பாத்த முடியுதான்னு பாக்கறேன்."

நான் அழுதேன். அவர், "உங்க அக்கா மேல தப்பில்லம்மா. எல்லா ஊர்லயும் இதத்தான் பண்றாங்க. நீ படிக்கிற பொண்ணு, ஊருக்குப் போனதும் நாலு பேருக்குச் சொல்லு" என்றார்.

நான் நாலு பேருக்குத் தலைகீழாகச் சொல்லிவிட்டேன்.

அம்மா சொன்னதாக நீ எழுதியிருந்தாயே, ஏக்கத்தில் பால் வற்றிவிடும் என்று. அப்பாவின் கண் போனதோடு நிற்கட்டும், பாப்பாவின் வயிறு காயக்கூடாது என்று நினைத்தேன். அந்த வரிகளை எழுத எனக்கு ஒரு நாள் பிடித்தது. எழுதியபின் ஒட்டிவிட்டேன். அந்தக் கடிதத்தை உன்னைத் தவிர இன்னொருவர் படிப்பார் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் அப்பாவிடம் சொன்னேன். அவர், "நான் எழுதத் தெரிஞ்சவனா இருந்தா நானும் அப்பிடித்தான் எழுதியிருப்பேன். இப்ப நிசத்த எழுதிடு" என்றார்.

எழுதிவிட்டேன்.

வள்ளி


கண் வார்டு
23-6-1986

அன்புள்ள அக்காவுக்கு. அங்கே எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள் என்று இரண்டு வாரமாகத் தெரியவில்லை. தபால் வரும் நேரத்தில் வாசலுக்குப் போய் நின்றுவிட்டு வருகிறேன்.

இருசப்பண்ணன் பதினோராம் தேதி வந்து சேர்ந்தார். மேஸ்திரிதான் கூட்டிவந்தார், தங்கமணி அக்காவும் வந்தார். சில்லு கருவிழியைத் துளைத்து உள்ளே போயிருந்தது. எடுத்துவிட்டார்கள். கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். கண்ணை வைத்துக்கொள்ளலாமா எடுத்துவிட வேண்டுமா என்று பார்த்துத்தான் சொல்வார்களாம்.

அவர் கட்டில் எங்களுக்கு எதிர்வரிசையில் இருக்கிறது. பொய் தெரிந்ததிலிருந்து தங்கமணி அக்கா என்னோடு பேசுவதில்லை. நான் தண்ணீர் பிடிக்கும் குழாயில் அவர் பிடிப்பதில்லை. அவருக்குச் சொட்டு மருந்து விடத் தெரியவில்லை, பாதி கன்னத்தில் வழிகிறது. நான் எழுந்து போனேன். "நீ ஒண்ணும் வர வாணாம். ஒன் கையால எழுதனது போதும்" என்றார். ஆயம்மாள் அக்கா, "சின்னப்பொண்ணும்மா அது" என்றார். "சின்னப்பொண்ணு எழுதனத நம்பினு கெடந்தனே, நானு இன்னா பொண்ணு?" என்று தங்கமணி அக்கா கேட்டார்.

பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரமாகிவிட்டது. பத்தாம் வகுப்பு. வகுப்பில் என்ன நடத்தியிருப்பார்கள் என்று இப்போதெல்லாம் நினைப்பதில்லை. உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறேன்.

கோபமாக இருந்தாலும் பாப்பா எப்படி இருக்கிறாள் என்று மட்டும் எழுது.

வள்ளி


கச்சிராயபாளையம்
1-7-1986

வள்ளிக்கு,

பாப்பா நன்றாக இருக்கிறாள். கழுத்து நிற்கிறது.

தந்தி வந்த அன்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணனைப் பஸ் ஏற்றியபின் உன் கடிதம் வந்தது. படித்துவிட்டு வைத்தேன். அன்றிலிருந்து மூன்று நாள் ஒரு சொட்டுப் பால் இல்லை. பாப்பாவுக்கு ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து கொடுத்தோம். நான்காம் நாள் தானாகச் சுரந்தது. நீ பயந்தது நடந்தது. நடந்தும் பாப்பா சாகவில்லை. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பொய். கோபம்தான். நீ என்னைக் காப்பாற்ற நினைத்தாய், அதனால் நான் இன்னொரு தடவை அதே தப்பைச் செய்தேன். முதல் தடவை தெரியாமல். இரண்டாவது தடவை உன் எழுத்தை நம்பி.

தங்கமணியின் மாமியார் வீட்டுக்குப் போய் உன் இரண்டு கடிதத்தையும் நானே சத்தமாகப் படித்துக் காட்டினேன். குழாயடியிலும் சொன்னேன். ஒருத்தி, "அக்காவும் தங்கச்சியும் சேந்து ஊருக்கே வைத்தியம் பாத்தீங்களா?" என்றாள். அந்தப் பேச்சையும் வாங்கிக்கொண்டு வந்தேன். போன வாரம் வெங்காயம் அரியும்போது ஒரு பெண்ணுக்குக் கண் எரிந்ததற்குக்கூட யாரும் என்னிடம் வரவில்லை.

இனிமேல் கெட்டதை முதலில் எழுது. நான் தாங்குவேனா என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ மெலிந்திருப்பாய்.

சாலம்மாள்


கண் வார்டு
8-7-1986

அன்புள்ள அக்காவுக்கு வள்ளி. உன் கடிதத்தை நாலு நாளாகச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

கெட்டது முதலில். இருசப்பண்ணன் கண்ணில் சீழ் வடிந்துவிட்டது, ஆனால் பார்வை தெரியவில்லை. இன்று சாயங்காலம் இருட்டறையில் வைத்து விளக்கடித்துப் பார்ப்பார்கள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அவர் சொல்லிவிட்டால் கண்ணை வைத்துக்கொண்டு வைத்தியம் தொடரலாம். சொல்ல முடியாவிட்டால் எடுத்துவிடுவார்கள்.

அடுத்த கெட்டது. அப்பா இனி கிணற்று வேலைக்குப் போக முடியாது. இடது கண்ணில் புண் ஆறிவிட்டது, தழும்பு நின்றுவிட்டது. மூன்று கால் உள்ள இங்கிலீஷ் எழுத்தைச் சுவரில் மாட்டி, கால் எந்தப் பக்கம் என்று கையால் காட்டச் சொன்னார்கள். மேலிருந்து மூன்று வரி காட்டினார். நாலாவது வரியில், "புகையா கீதும்மா" என்றார்.

நல்லது ஒன்று. நேற்றுக் காலை நான் சொட்டு மருந்தோடு போனபோது, "இன்னாடி இப்பிடி எளைச்சிட்ட?" என்று கேட்டார். நான் வாய் திறக்கவே இல்லை, அக்கா. அவரே பார்த்துச் சொன்னார். அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அம்மாவுக்கு என் அன்பு. பாப்பாவின் கழுத்துக்கும்.

வள்ளி

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் இதைச் சேர்க்கிறேன். தங்கமணி அக்கா அப்பா கட்டிலருகே என்னிடம் வந்து நின்றார். "அவர உள்ள கூட்டினு போறாங்க. டாக்டரு வேகமா பேசுது, எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீ கூட வா. அது இன்னா சொல்லுதோ அத அப்பிடியே சொல்லணும். எனக்கு வலிக்குமேன்னு பாக்காத" என்றார். சரி என்றேன். இப்போது இருட்டறைக்குள் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறோம். இருசப்பண்ணன் தாடையை மேசைமேல் வைத்திருக்கிறார். தங்கமணி அக்கா என் இடது கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், அதனால் தாளை முழங்காலில் அழுத்திக்கொண்டு எழுதுகிறேன். டாக்டரம்மா எல்லோரையும் பேசாமலிருக்கச் சொல்கிறார். நர்சு எழுந்து போகிறார். விளக்குகளை அணைக்கிறார்கள்.